குழந்தைகள் இல்லாத குடியிருப்பு

வாலுவின் அப்பாவுக்கு,

வணக்கத்தோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுகிறேன். வணக்கம் உங்களுக்கு, கோபம் ஊருக்கு. நாங்கள் இருவரும் நலம். உங்கள் இருமல் நின்றதா? நான் கொடுத்தனுப்பிய மாத்திரையைச் சாப்பிட்டீர்களா, இல்லை பெட்டிக்கடியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறீர்களா? மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளைக் கட்டிக்கொண்டு மாத்திரைக்குப் பயப்படுகிற ஆள் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்பீர்கள். வாரம் ஒருமுறை நீங்கள் கூப்பிடும்போது வாலு என் மடியில் ஏறிப் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் தொண்டையைச் செருமுவது எனக்கே கேட்கிறது. அந்த அவசரத்தில் "எல்லாம் நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு என்ன வாயில் வரும்? எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது அடங்கும்.

முதலில் நல்ல செய்தி. வாலுவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. பழைய ஊர்ப் பள்ளியில் இனிமேல் பழைய தெருப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம் என்று எழுதி வாசலிலேயே ஒட்டிவிட்டார்கள். நீங்கள் சொன்னபடி பழைய தெருவில் இருக்கிற தையற்கார அக்காவின் முகவரியைக் கொடுத்தேன். நம் குடியிருப்பில் பாதிப் பேர் அதையேதான் செய்திருக்கிறார்கள். அக்காவின் ஒற்றை அறை வீட்டில், எழுத்துப்படி பார்த்தால், இப்போது ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். "இத்தனை பெத்தும் எனக்கு இடுப்பு வலியே வரலையே" என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். அந்த மனுஷி நன்றாக இருக்க வேண்டும்.

இனிமேல் வயிற்றெரிச்சல். நம் ஜன்னலுக்கு நேரே பள்ளிக்கூடத்துக்கென்று விட்ட காலி மனை அப்படியேதான் கிடக்கிறது. வீடு வாங்கும்போது, கழுத்தில் டை கட்டிய அந்தத் தம்பி மணிக்கூண்டு வைத்த பள்ளிக்கூடப் படத்தைக் காட்டினானே, நினைவிருக்கிறதா? "பாப்பா படுக்கையிலருந்து குதிச்சா வகுப்புல போய் விழலாம் மேடம்" என்றான். நானும் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன். இப்போது கேட்டால், மனையை விட்டதோடு பில்டரின் கடமை முடிந்ததாம், கட்டிடம் நகராட்சி பாடாம். நகராட்சியில் கேட்டால், பில்டர் கட்டிய கட்டணம் குழாய்க்கும் சாலைக்கும்தான் சரியாயிற்று, புது வீடுகளால் வந்த தேவைக்குப் புது வீட்டுக்காரர்கள்தான் பங்கு போட வேண்டும் என்கிறார்கள். நம் குடியிருப்புச் சங்கமோ வீட்டு விலையிலேயே எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்கிறது. மூன்று பேரும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்கிறார்கள். மூன்று பேர் பேச்சும் கேட்கும்போது நியாயமாகவே இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் கார் நிறுத்துகிற இடத்தில் சங்கக் கூட்டம். செயலாளர், அதுதான் நம் மேல்வீட்டுப் பேங்க்காரர், எழுந்து நின்று, "ஒரு காசு கொடுத்தாலும் அது நம்ம கடமைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு ஆஸ்பத்திரி, பார்க், தெருவிளக்கு எல்லாத்தையும் நம்ம தலையில கட்டுவாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நம்மிடம் கொடுக்க என்ன மிச்சம் இருக்கிறது? வீட்டுக் கடனுக்கே நீங்கள் வெளிநாட்டில் கிரேன் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடையில் நடப்பதைக் கேளுங்கள். பழைய தெருவிலிருந்து ஒரு கண்ணாடிக்கார அம்மா பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்க வருவார். நான் எங்கே இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. "அந்தப் புது குடியிருப்பு ஆளுங்க வந்து எங்க பிள்ளைங்களைத் தாழ்வாரத்துல உட்கார வச்சுட்டாங்க. எங்க அப்பா காலத்துல வீட்டுக்கு வீடு வரி போட்டுக் கட்டின பள்ளிக்கூடம் அது. இவங்க கட்ட மாட்டாங்களாம், உட்கார மட்டும் வருவாங்களாம்" என்று பொரிந்து தள்ளினார். நான் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு மூடி என்று சொல்லி மருந்தைக் கொடுத்தேன். அவர் சொன்னதில் எதை நான் பொய் என்பேன்? நம்முடைய வாலுவும் தாழ்வாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு அது கொண்டாட்டமாக இருக்கிறது. தாழ்வாரத்தில் மழைச்சாரல் அடிக்குமாம், டீச்சருக்குத் தெரியாமல் கையை நீட்டலாமாம்.

நீங்கள் அங்கே கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் யார் கட்டுகிறார்கள்? யாரையாவது கேட்டுச் சொல்லுங்கள். உயரத்தில் வேலை, பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறுங்கள். மாத்திரையைச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

---

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மேஸ்திரியிடம் கேட்டதற்கு, "உனக்கெதுக்குய்யா அது, கொக்கியைப் பாரு" என்றாராம். வீடு முடிந்ததும் வேலைக்காரர்களை உள்ளேயே விடமாட்டார்கள், பிறகு அங்கே யார் குடிவந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். போகட்டும். இன்றைக்கு உங்களைச் சிரிக்க வைக்கப் போகிறேன். சிரித்து ரொம்ப நாளாயிருக்கும்.

போன விடுமுறை நாளில் காவலாளி மூச்சு வாங்க ஓடிவந்தார். "நகராட்சியிலருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க, வீடு வீடா பிள்ளைங்களைப் பத்தி விசாரிக்கறாங்க" என்றார். அவ்வளவுதான், கட்டிடமே கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கள்ள முகவரி கொடுத்தவர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு இருந்ததல்லவா? பிடிக்க வந்துவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். பேங்க்காரர் மாடிப்படியில் நின்று, "பிள்ளைங்க யாரும் கண்ணுல படக்கூடாது" என்று கைசாடை காட்டினார். அவருடைய பேரப்பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடம்தானே.

பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! எதிர்வீட்டுக்காரி இரட்டைப் பையன்களைக் குளியலறையில் தள்ளிக் குழாயைத் திறந்துவிட்டாள். ஒருவர் முச்சக்கர சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். நான் வாசலில் கிடந்த குட்டிச் செருப்புகளை வாரித் துணி துவைக்கிற மிஷினுக்குள் போட்டேன். சுவரில் வாலு வரைந்த யானைக்கு மேல் காலண்டரை மாட்டினேன். வாலு தானாகவே அலமாரிக்குள் புகுந்துகொண்டு, உள்ளேயிருந்து "அம்மா, நான் இல்லைன்னு சொல்லு" என்கிறாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வந்தவர் பாவம், நல்ல மனுஷி. வெயிலில் மாடி மாடியாக ஏறி முகம் வாடியிருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "பள்ளி வயசுல பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இவ்வளவு வீடுங்க, ஒரு பிள்ளைச் சத்தமும் இல்லையே, அமைதியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கதவுகள் எல்லாம் திறந்தன. பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட கன்றுகள் மாதிரி மாடிப்படியில் குதித்து ஓடின. பேங்க்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நாம் இங்கே குடிவந்த பிறகு, எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அக்கம்பக்கம் என்று நமக்கும் ஒன்று அமைந்துவிட்டது என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாலுவுக்கு முன்பல் ஆடுகிறது. நீங்கள் வந்து பிடுங்க வேண்டுமாம், என்னைத் தொடவே விடமாட்டேன் என்கிறாள்.

உங்கள் வீட்டுக்காரி

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது, திரும்பப் பிரித்து எழுதுகிறேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் நகராட்சியின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அந்த அம்மா வந்தது முகவரியைச் சோதிக்க இல்லையாம். நம் மனையில் நகராட்சியே தன் செலவில் பள்ளிக்கூடம் கட்டலாமா என்று முடிவெடுக்க, இங்கே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ண வந்தாராம். எண்ணிப் பார்த்ததில் பிள்ளைகளே இல்லாததால் பள்ளிக்கூடம் தேவையில்லையாம். மனையைப் பில்டருக்கே திருப்பிக் கொடுக்கப் போகிறார்களாம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

---

வாலுவின் அப்பாவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நடந்ததில் பாதியைப் போனில் சொன்னேன், மீதியைச் சொல்லவில்லை. உங்களை அங்கே உயரத்தில் உட்கார வைத்துவிட்டு இங்கேயிருந்து மனதைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த அறிவிப்பு வந்த பிறகு பேங்க்காரர் ஆளே பாதியாகிவிட்டார். யார் பேச்சையும் கேட்காமல், உண்மையைச் சொன்னால் நியாயம் கிடைத்துவிடும் என்று ஒரே பிடியாக நின்றார். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, இத்தனை பேரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று நகராட்சியில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே இருந்த அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க இருக்காங்கன்னா இப்ப எங்க படிக்கிறாங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். பேங்க்காரர் அதற்கும் உண்மையைச் சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் கணக்குத் தப்பாமல் எழுதிய மனுஷன், வேறு என்ன செய்வார்? அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட யாராவது ஒரு ஆள் கிடைத்தால் தேவலை என்றிருக்கிறது.

மனை விஷயம் முடிந்துபோன விஷயமாம், அடுத்த கணக்கெடுப்பில் பார்க்கலாமாம். பேங்க்காரர் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியல் மட்டும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

பெரிய டீச்சர் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெயர்களை வாசித்திருக்கிறார். பெயர் வந்த பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். வாலு எழுந்து நின்றிருக்கிறாள். எல்லோரையும் வாசலில் உட்கார வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். பெரிய டீச்சர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எனக்கு வேற வழி இல்லம்மா. ஒரு வகுப்பு உட்காருற இடத்துல ரெண்டு வகுப்பை வச்சிருக்கேன். பிள்ளைங்க கழிப்பறை வரிசையிலயே பாதி நாள் நிக்குதுங்க. உங்க பிள்ளைங்களையும் சேர்த்துக்கிட்டா எனக்கு இன்னொரு அறை யார் கட்டித் தருவாங்க, சொல்லுங்க" என்றார். இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பில்டர் நகராட்சியைக் கேட்கிறார், நகராட்சி எங்களைக் கேட்கிறது, நாங்கள் பில்டரைக் கேட்கிறோம். யார் கட்டுவது என்று பெரியவர்கள் எல்லோரும் கேட்டு முடிப்பதற்குள் ஒரு குழந்தை தன் இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற இன்னொரு பள்ளிக்கூடத்தில் நடு வருஷத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். மற்றது எல்லாம் பஸ் மாறிப் போகிற தூரம். கொண்டுபோய் விட்டால் நான் வேலைக்கு வர முடியாது, வேலைக்கு வந்தால் கொண்டுபோய் விட முடியாது. கொஞ்ச நாள் அவளைக் கடைக்கே கூட்டிப்போனேன். கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து காலி மாத்திரை அட்டைகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தமே போட மாட்டாள். வாலு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோமே, அந்தப் பிள்ளையா இது என்றிருந்தது.

அந்தக் கண்ணாடிக்கார அம்மா ஒருநாள் வந்தபோது கல்லாவுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "ஸ்கூலுக்குப் போகலையா கண்ணு?" என்றார். வாலு, "என்னை வேணாம்னுட்டாங்க" என்றாள். அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மருந்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் தன் பிள்ளையின் பழைய கதைப் புத்தகங்களைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்து, "நாங்க யாரையும் வெளிய அனுப்பச் சொல்லலைம்மா. எங்களுக்கு இன்னொரு அறைதான் கேட்டோம்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் முதலாளியும் கெட்டவர் இல்லை. ஆனாலும் சோதனைக்கு ஆள் வந்தால் கடைக்குள் குழந்தை இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை சொல்ல வைக்க எனக்கு மனசு இல்லை.

உங்கள் அக்கா, "புள்ளைய இங்க அனுப்பு, எங்க தெருவுலயே பள்ளிக்கூடம் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றபோது நீங்களும் போனில் சரி என்றீர்கள். உங்கள் குரல் இறங்கிப்போனது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் சரி என்றேன். வேறு வழி என்ன இருக்கிறது?

முந்தாநாள் ரயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். உங்கள் அக்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாலுவுக்கென்று தனியாகக் கட்டில், மேசை எல்லாம் போட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம். வாலு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அழவே இல்லை. ஆடிக்கொண்டிருந்த பல்லைப் போன வாரம் யாருக்கும் சொல்லாமல் தானே பிடுங்கி எறிந்துவிட்டாள்.

இங்கே மற்ற வீடுகளிலும் இதே கதைதான். எதிர்வீட்டு இரட்டையர்கள் பாட்டனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பேங்க்காரரின் மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்கே குடிபோய்விட்டான். இந்த மாடிப்படியில் இப்போது ஒரு சத்தமும் கிடையாது. அந்த நகராட்சி அம்மா இன்றைக்கு வந்து எண்ணினால் சரியாகத்தான் எண்ணுவார். மனையில் மண் தோண்டுகிறார்கள், புது வீடுகள் வருகின்றனவாம். டை கட்டின தம்பி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். இன்று காலை ஒரு பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு புருஷனோடு வந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்ச் சொல்லலாமா என்று நின்றேன். சொன்னால் என் வீட்டையும் நாளைக்கு யாரும் வாங்க மாட்டார்களே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியே கடைக்குப் போய்விட்டேன். நான் எப்படி ஆகிவிட்டேன் பாருங்கள்.

மூன்று பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றுதான் இந்த வீட்டை வாங்கினோம். அதற்காகத்தான் நீங்கள் கடல் தாண்டிப் போனீர்கள். இப்போது அவளும் போய்விட்டாள். வேலை முடிந்து வந்து எல்லா அறையிலும் விளக்கைப் போடுகிறேன். போட்டுவிட்டு, எதற்குப் போட்டேன் என்று நிற்கிறேன். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று சொன்னீர்கள். போடுங்கள் என்றும் போடாதீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. கடன் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கிளம்பும்போது அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்? சொல்லு, இனிமே பண்ண மாட்டேன்" என்றாள். தப்பு செய்தவர்களைத்தான் எழுந்து நிற்கச் சொல்வார்கள் என்று யார் அவளுக்குச் சொன்னார்களோ. இத்தனை நாளும் மனதுக்குள் வைத்துக்கொண்டு, அதனால்தான் சத்தம் போடாமல் இருந்திருக்கிறாள் பாருங்கள். நீ ஒரு தப்பும் பண்ணலடி, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கட்டிப்பிடித்துச் சொன்னேன். தலையாட்டினாள். நம்பவில்லை. எனக்குத் தெரியும், அவள் நம்பவில்லை.

நீங்கள் சொன்னால் நம்புவாள். உங்கள் பேச்சு என்றால் அவளுக்கு எப்போதும் ஒரு படி மேல். இந்த வாரம் அக்கா வீட்டுக்குக் கூப்பிடும்போது, பின்னால் யார் நின்றாலும் நிற்கட்டும், அவசரப்படாமல் சொல்லுங்கள். போனில் சொல்லி நம்பாவிட்டால் நேரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

நன்றாக இருங்கள். கீழே பார்த்து இறங்குங்கள்.

வாலுவின் அம்மா